சாப்பாட்டு போட்டு

காலை இடிக்குதுங்களா தம்பி? சித்தெ இருங்க, எம்பக்கம் இழுத்துக்கறேன். கயிறுங்க. புதுக்கயிறு, இப்பத்தான் ஈரோட்டுல வாங்கினேன். மாட்டுக்கில்லீங்க, கெணத்துக்குமில்லீங்க. போட்டுக்கு. ஆத்துல ஒரு போட்டு நின்னு போச்சுன்னா இன்னொரு போட்டுல கட்டி இழுக்கறாங்கல்ல, அதுக்கு. பஸ்ஸுல வர்ற ஆளுக்குப் போட்டான்னு பாக்கறீங்க. காரே இருக்குதுங்க தம்பி. நல்ல காரு. மாப்பிள்ளைகிட்ட இருக்குது.

நீங்களும் திருச்செங்கோடுங்களா? அப்பச் சரி, பேசிக்கிட்டே போலாம். எனக்குப் பேசாம வந்தா தூக்கம் வராது, வெசனந்தான் வரும்.

இந்தா, பாலம் வந்துருச்சு, கீழ பாருங்க. இங்க காவேரி என்னமோ வத்திப்போன மாதிரி தெரியும். எங்க பக்கம் வந்து பாக்கணும். நெரிஞ்சிப்பேட்டைக்கு மேல, ஆத்தோரம் தோட்டம் எனக்கு. பேரு நல்லசிவம். பவானியில தறிப்பட்டறை இருக்குது. கதவணை கட்டுனதுல இருந்து எங்க பக்கம் ஆறு ஓடறதில்லீங்க, ஏரியாட்டம் நிக்குது. அதைப் பாத்துட்டு மொதல்ல போட்டு வாங்குனவன் நான். என்னைப் பாத்து தங்கமுத்து வாங்குனான். அவனைப் பாத்து இன்னும் ரெண்டு பேரு. எல்லாம் ஆத்தோரத் தோட்டக்காரங்க, எல்லாருக்கும் காசு இருக்குது, பொழுது போகணும். அஞ்சாவதா பொங்கியண்ணன் ஒண்ணு கொண்டு வந்தான்.

அதைப் போட்டுன்னு சொல்றதுக்கே எனக்கு வாய் கூசும். எவனோ மீன்புடிக்கிறவன் வித்துட்டுப் போன பழைய வள்ளம். அதுல ஒரு செகண்ட்ஹேண்ட் மோட்டாரை மாட்டி, பச்சைப் பெயிண்ட் அடிச்சு, பேரு வேற எழுதியிருந்தான், 'மேகலா'ன்னு. அவன் பொண்ணு பேரு. மாட்டுத்தொட்டியில மோட்டார் மாட்டுன மாதிரி இருக்கும். சத்தம் மட்டும் போர்க்குழி போடற ரிக் வண்டியாட்டம் வரும், நகரவே நகராது. நாங்க கரையில உக்காந்து சிரிப்போம். அவனும் சிரிப்பான். நல்லவன்தாங்க, இல்லேங்கல. சின்னதுலருந்து பழக்கம். என்னைய மச்சான்னுதான் கூப்பிடுவான்.

வருசா வருசம் பொங்கல் நோம்பி முடிஞ்சு நாங்க அஞ்சு போட்டுக்காரங்களும் குடும்பத்தோட ஒட்டுக்கா ஆத்துல கெளம்புவோம். ஆத்துக்கு நடுவுல ஒரு திட்டு இருக்குதுங்க, அதுல கன்னிமாரு கோயில். அங்க பொங்கல் வச்சு, சோறு தின்னுட்டு, பொழுதோட திரும்பறது. இதுக்குத் திட்டம் போடறது பூரா நாந்தான். சும்மா இல்லீங்க தம்பி, நாலஞ்சு போட்டு ஒட்டுக்காப் போறதுன்னா வெளையாட்டா? யாரு எந்தப் போட்டு, எது முன்னால, எது பின்னால, சாப்பாடு எதுல, பெட்ரோல் எதுல, பொம்பளைங்க எதுல. ஒருத்தனுக்கும் தெரியாது. "நல்லசிவண்ணன் சொன்னாச் சரி"ம்பாங்க.

அதுல ஒரு சட்டம் வச்சிருந்தேன். மெதுவாப் போற போட்டு முன்னால போகணும். வேகமாப் போறது பின்னால வரணும். அப்பத்தானே யாரும் விட்டுப் போக மாட்டாங்க? மெதுவாப் போறவனைப் பின்னால விட்டா அவன் நின்னதுகூட முன்னால போறவனுக்குத் தெரியாது. எவ்வளவு நல்ல சட்டம் பாருங்க. நானே ரோசனை பண்ணிப் போட்டது. வருசா வருசம் அந்தத் தொட்டி முன்னால கடகடன்னு போகும், நாங்க பின்னால ஊர்ந்துக்கிட்டே போவோம். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? குசன் சீட்டு, மேல கூடாரம், பாட்டுப்பெட்டி எல்லாம் வச்ச போட்டு, அவன் மோட்டார் பொகையைக் குடிச்சுக்கிட்டே போகுது.

ஒரு வருசம் பொங்கியண்ணன் வந்தான். மூஞ்சி பூரா சிரிப்பு. "மச்சான், மேகலாவுக்கு எடம் அமைஞ்சிருச்சு. திருச்செங்கோடு. ரிக் வண்டி வச்சிருக்காங்க, ஆந்திரா, மகாராஷ்டிராவுல எல்லாம் ஓடுது. பொண்ணு பாத்துட்டுப் போயிட்டாங்க, புடிச்சிருச்சு. வெத்தலை பாக்கு மாத்தறது மட்டுந்தான் பாக்கி. அதை நம்ம போட்டுப் பயணத்துல, கன்னிமாரு முன்னாடி வச்சு மாத்திக்கலாம்னு இருக்கேன். நீங்க எல்லாரும் இருப்பீங்கல்ல."

எனக்கு ஒரே ஆச்சரியம். ரிக் வண்டிக்காரங்க! இவன் வீட்டுக்கு! இவனுக்கு என்ன இருக்குது? ரெண்டு தறி, அரைத் தோட்டம். பொண்ணு செவப்பா இருக்கும், நல்லா சமைக்கும், அவ்வளவுதான். என் பொண்ணு தாரணியும் அதே வயசுதான். ஒட்டுக்காப் படிச்சதுங்க ரெண்டும். என் பொண்ணுக்கு நான் ரெண்டு வருசமா எடம் தேடறேன், ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது. இவன் தேடாமயே கெடைக்குதாமா.

பொறாமையெல்லாம் இல்லீங்க தம்பி. நெனைச்சேன், சொல்றேன். அவ்வளவுதான்.

சரி, திட்டம் போட்டேன். அந்த வருசம் ரொம்பக் கவனமாப் போட்டேன். "மாப்ள, சம்பந்தி வீட்டு ஒறம்பரை வர்றாங்க, சாப்பாடு நல்லா இருக்கணும், மேகலா கையில பண்ணட்டும், எல்லாப் போட்டுக்காரங்களுக்கும்"னேன். அவனுக்குப் பெருமை. "அண்டா குண்டா பூரா உன் போட்டுலயே வந்தரட்டும், தாம்பூலத்தட்டும் அதுலயே இருக்கட்டும். பெட்ரோல் கேன் எல்லாம் என் போட்டுல வச்சுக்கறேன், சோத்துக்கும் பெட்ரோலுக்கும் ஆகாது"னேன். சரிதானுங்களே? சோத்துல பெட்ரோல் வாசம் அடிச்சா திங்க முடியுங்களா? பாரம் ஏத்துனா அந்த மோட்டார் எண்ணெய் அதிகமாக் குடிக்கும்னு எனக்குத் தெரியாமயில்ல. அதுக்குத்தான் பாதி வழியில நின்னு ஊத்திக்கலாம்னு சொல்லியிருந்தேனே. என் போட்டுல கேன் இருக்குதே.

அன்னிக்கு வெடியால எல்லாரும் எங்க தோட்டத்துத் துறைக்கு வந்துட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுல மூணு பேரு. அப்பன் வாயே தொறக்க மாட்டாரு. பையன் சபரி, கண்ணுக்கு லட்சணமா இருந்தான். அம்மா ருக்குமணி. அந்தம்மாதான் எல்லாம். வந்து எறங்கினதும் அஞ்சு போட்டையும் ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, சந்தையில மாடு பாக்கற பார்வை. அந்தப் பச்சைப் போட்டு மேல வந்ததும் மூக்கு லேசாச் சுளிச்சுது. நான் அதைக் கண்டுக்கிட்டேன்.

பொங்கியண்ணன் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் அந்தம்மாவை அவன் போட்டுல உக்கார வச்சான். ஒரு பக்கம் சாம்பார் அண்டா, ஒரு பக்கம் சிக்கன். நடுவுல பட்டுச்சேலை கட்டிக்கிட்டு அந்தம்மா. மேகலாவும் பட்டுச்சேலைதான், ஆனா கையில கரண்டி. வெடியால மூணு மணிக்கே எந்திரிச்சுச் சமைச்சுதாமா. சொன்னாங்க.

சட்டப்படி அந்தத் தொட்டி முன்னால போச்சு. நான் பின்னால. கொஞ்ச தூரம் போனதும் வெயில் ஏறுது. அந்தம்மா முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கறாங்க. தண்ணி தெறிக்குது, மொகத்தைத் தொடைக்கறாங்க. ஒறம்பரைங்க தம்பி! பாத்துக்கிட்டு இருக்க முடியுங்களா? என் போட்டைப் பக்கத்துல கொண்டு போனேன். "அக்கா, வெயிலு உங்களுக்கு ஆகாது. இப்படி நெழலுக்கு வந்தருங்க"ன்னேன்.

ஒரு பேச்சு யோசிக்கணுமே! 'இல்லைங்க, இருக்கட்டும்'னு ஒரு வார்த்தை? எந்திரிச்சாங்க, என் கையைப் புடிச்சாங்க, தாண்டுனாங்க. அவங்க காலு உந்துன உந்துல அந்தப் போட்டு ஒரு ஆட்டம் ஆடி அக்கட்டால போச்சு. பொங்கி சம்சாரம் எட்டி அவங்க செருப்பை எடுத்துக் குடுத்துச்சு. பின்னாலயே அப்பனும் மவனும் தாண்டிட்டாங்க.

அப்பவே எனக்குத் தோணுச்சுங்க, ஆஹா, இதல்லவா பொம்பளை, எதுல ஏறணும், எதுல எறங்கணும்னு எவ்வளவு தெளிவுன்னு.

பொங்கியண்ணன் என்ன சொன்னான்னு நெனைக்கறீங்க? "ரொம்ப நல்லதாப் போச்சு மச்சான், நீங்க கூட்டிட்டு வாங்க, நான் பின்னாலயே வந்தர்றேன்"னான். பின்னாலயே வந்தர்றேன். அவனே சொன்னானுங்க. நான் சொல்லல. அவனே பின்னால வர்றேங்கறான், அப்புறம் சட்டம் என்ன சட்டம்? ஒறம்பரையை வச்சுக்கிட்டு ஊர்ந்துக்கிட்டுப் போக முடியுங்களா? முறுக்கினேன். என் போட்டு கெளம்புனதும் மத்தவங்களும் முறுக்கிட்டாங்க. அத்தனை வருசம் அடக்கி வச்சிருந்தாங்க பாருங்க, என்னமாப் பறந்துச்சு! ருக்குமணியம்மா மொகத்துல அப்பத்தான் சிரிப்பே வந்துச்சு.

கொஞ்ச நேரத்துல பின்னால அந்தக் கடகட சத்தம் நின்னு போச்சு.

பெட்ரோல் தீந்துருக்கும். திரும்பிப் பாத்தேன். தூரத்துல பச்சையாத் தெரியுது. பொங்கியண்ணன் எந்திரிச்சு நின்னு துண்டை எடுத்து வீசறான். கத்தறான். காத்துல சரியாக் கேக்கல. "பெட்ரோலு"ன்னு கேட்டுச்சு. அப்புறம் "கயிறாச்சும் போடுங்க மச்சான்"னு கேட்டுச்சு. கயிறு என் சீட்டுக்குக் கீழதான் சுருட்டிக் கெடந்துச்சு. ஒறம்பரை எல்லாம் கால் நீட்டி உக்காந்திருக்காங்க, அவங்களை எந்திரிக்கச் சொல்லி எடுக்கறதுங்களா?

"அவரு என்னத்துக்குத் துண்டை ஆட்டறாரு?"ன்னு அந்தம்மா கேட்டாங்க.

"டாட்டா காட்டறானுங்க்கா"ன்னேன்.

சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். போட்டே சிரிச்சுது. இல்ல, தாரணி சிரிக்கல. "அப்பா, மேகலா..."ன்னு ஆரம்பிச்சா. "நீ போய் அத்தைக்குத் தண்ணி குடு கண்ணு"ன்னேன். அந்தப் பையன் சபரி மட்டும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே வந்தான். "முன்னாடி பாருடா"ன்னாங்க அந்தம்மா. ஒரே வார்த்தை. திரும்பிக்கிட்டான். அதுக்கப்புறம் பாக்கல. வளர்ப்புன்னா இதல்லவா வளர்ப்புன்னு நான் என் சம்சாரத்துக்கிட்டச் சொன்னேன். சத்தியமாச் சொன்னேன் தம்பி.

திட்டுக்குப் போயிச் சேந்தோம். கன்னிமாருக்குப் பொங்கல் வச்சோம். எல்லாம் ஆச்சு. பசிக்குது. அப்பத்தான் நெனப்பு வருது, சோறு பூரா அங்க ஆத்துல நிக்குது.

"தங்கமுத்து, போயிட்டு வாடா"ன்னேன். போனான். பொங்கியண்ணன் போட்டுலருந்து அண்டாவை எல்லாம் தன் போட்டுக்கு மாத்தி ஏத்திக்கிட்டு வந்துட்டான். ஆளுங்களுக்கு எடமில்லீங்க, அண்டாவுக்கே சரியாப் போச்சு.

என்னை அப்படிப் பாக்காதீங்க தம்பி. நானா போனேன்? அவந்தான் போனான்.

"பெட்ரோல் கேட்டாங்கண்ணா"ன்னான் வந்து. "கேனு நீ எடுத்துட்டுப் போகலயாடா?"ன்னேன். "நீங்க குடுக்கலையே"ங்கறான். பாருங்க, எல்லாத்தையும் நானே சொல்லணும். "சரி விடு, திரும்பும்போது இழுத்துக்கலாம். இங்க பந்தி காத்துக்கிட்டு இருக்குது"ன்னேன்.

அப்ப அவன் ஒண்ணு சொன்னான். அண்டாவை எல்லாம் அந்தப் பொண்ணு மேகலாவேதான் ஒவ்வொண்ணாத் தூக்கிக் குடுத்துச்சாமா. தாம்பூலத்தட்டையும் அதே குடுத்துச்சாமா. "பூ வாடிரும்ணா, நெழல்ல வைங்க, நாங்க வந்தர்றோம்"னுச்சாமா. அதுக்கு ஒரு வருத்தமும் இல்ல பாருங்க. வருத்தம் இருந்தா தட்டைக் குடுக்குமா? எல்லாரும் எங்களைத்தான் சொல்றாங்க.

சாப்பாடு சும்மா சொல்லக் கூடாதுங்க. பள்ளிபாளையம் சிக்கன். வரமொளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காச் சில்லும் போட்டு, அப்படியே சுருளச் சுருள... பள்ளிபாளையத்துலயே அப்படிக் கெடைக்காது. ருக்குமணியம்மா ரெண்டாவது தரம் கேட்டு வாங்கினாங்க. ஆள் வச்சுச் சமைச்சதுன்னு நெனைச்சிருப்பாங்க போல, "யாரு கைப்பக்குவம்?"னாங்க. என் சம்சாரம் எதுக்கும் வாய் தொறக்காது, அன்னிக்குத் தொறந்துச்சு. "நம்ம தாரணிதானுங்க. ராத்திரியெல்லாம் கூட இருந்து பண்ணுச்சு"ன்னு சொல்லிருச்சு. தாரணி நிமிந்து பாத்தா. நான் யாருக்கும் தெரியாம அவ காலை மிதிச்சேன். அன்னிக்கு அவ சோறே திங்கல. வெயில்ல பசி எடுக்கலையாமா.

அந்தம்மா கையைக் கழுவிட்டு வந்து சொன்னாங்க, "பொண்ணோட அப்பன் நேரத்துக்கு வந்து சேர மாட்டேங்கறாரே, கண்ணாலத்துக்கு எப்படி வந்து சேருவாரு?" எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் மெதுவாக் கேட்டாங்க, "உங்க பொண்ணுக்கு ஏதாச்சும் பாத்திருக்கீங்களா?"

நான் கேக்கலீங்க. அவங்களாத்தான் கேட்டாங்க. கன்னிமாரு முன்னாடி வச்சுக் கேக்கறாங்க, மாட்டேன்னு எப்படிங்க சொல்றது? சாமி குத்தம் ஆயிராதுங்களா? நல்ல நேரம் வேற போயிக்கிட்டு இருக்குது. தட்டு ரெடியா நெழல்ல இருக்குது. வெத்தலை, பாக்கு, தேங்கா, பூ, ஒரு கொறையில்ல. பொங்கியண்ணன் எதுலயும் கொறை வைக்க மாட்டான். அதுலயே மாத்திக்கிட்டோம்.

திரும்பும்போது வேற வழியில வந்துட்டோமுங்க. சம்பந்தி ஆயிட்டாங்க, அவங்களுக்கு எதிர்க்கரையைக் காட்டணும்ல. பொழுது எறங்க பரிசல்காரன் ஒருத்தன் பாத்து அந்தப் போட்டைக் கரைக்கு இழுத்துட்டு வந்தானாமா. மூணு பேரும் அன்னிக்குப் பூரா ஒரு பருக்கை திங்கல. திங்கறதுக்கு அதுல என்ன இருந்துச்சு?

நான் வம்புக்குப் போகலீங்க. ஆனா அந்தப் பொங்கியண்ணன் இருக்கானே, அன்னிக்கே வந்து சட்டையைப் புடிச்சிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். சண்டை போட்டோம், முடிஞ்சுதுன்னு இருக்கும். அவன் வரல. ஒரு நாள் சந்தையில எதிர்த்தாப்ல வந்தான். நானும் தயாரா நின்னேன். கிட்ட வந்து, "சாப்பாடு பத்துச்சுங்களா மச்சான்?"னான். அவ்வளவுதான். போயிட்டான். அதுக்கப்புறம் எங்க பாத்தாலும் அதேதான். கோயில்ல பாத்தா, பேங்குல பாத்தா, எழவு வீட்டுல பாத்தா, "சாப்பாடு பத்துச்சுங்களா மச்சான்?" இதுல எவ்வளவு குத்தல் பாத்தீங்களா? மனுசன் இவ்வளவு வன்மம் வச்சிருக்கலாமா?

அந்தப் பொண்ணா? இன்னும் அமையல. ஆத்துல விட்டுட்டுப் போன பொண்ணுன்னு பேராயிருச்சு. பொண்ணு கேட்டு வர்றவங்க எங்க வீட்டுலயும் விசாரிப்பாங்கல்ல, என் சம்சாரம் உள்ளதைச் சொல்லும். பொய் சொல்ல முடியுங்களா? கோயமுத்தூர்ல ஏதோ வேலைக்குப் போகுதாமா. அது ஜாதகம் அப்படி.

என் பொண்ணு கண்ணாலம் எப்படிப் பண்ணினேன் தெரியுங்களா! ஊரே பேசுச்சு. மாப்பிள்ளைக்குக் கார். என் போட்டைப் பாத்து ஆசைப்பட்டாங்க, அதையும் குடுத்துட்டேன். குசன் சீட்டு, கூடாரம், பாட்டுப்பெட்டி எல்லாத்தோட. பொண்ணுக்கு மேலயா போட்டு?

ஆனா அந்த சிக்கன்ல வந்து மாட்டிக்கிச்சுங்க. மறுவீடு முடிஞ்சு மொத ஞாயித்துக்கெழமையே சம்பந்தியம்மா, "அன்னிக்குப் பண்ணுன மாதிரி பண்ணு"ன்னிருக்காங்க. எம்பொண்ணு பாவம், தக்காளியைப் போட்டிருச்சு. பள்ளிபாளையம் சிக்கன்ல தக்காளி! ஒரு வாய் வச்சிருக்காங்க, தட்டைத் தள்ளி வச்சிருக்காங்க. "அன்னிக்கு யாரு பண்ணது?"ன்னு கேட்டிருக்காங்க. ஏதாச்சும் சொல்லிச் சமாளிக்க வேண்டாமா? இவ உக்காந்து ஒண்ணு விடாம ஒப்பிச்சிருக்கா. பெட்ரோல் தீந்தது, கயிறு கேட்டது, நான் காலை மிதிச்சது வரைக்கும். எங்கிருந்துதான் இந்தப் புத்தி வந்துச்சோ.

சம்பந்தியம்மா கோவிச்சுக்கலயாமா. சிரிச்சாங்களாமா. "உங்கப்பன் கெட்டிக்காரன்டீ"ன்னாங்களாமா.

அதுலருந்து அவளுக்குச் சமையக்கட்டுதான். வேலைக்காரியை நிறுத்திட்டாங்க. எல்லாரும் தின்னு முடிச்சுத்தான் அவ திங்கணும். வீட்டுக்கு யாரு வந்தாலும் "எங்க மருமக நல்லா சமைப்பா, ஆத்துல வச்சு நாங்களே தின்னு பாத்துத்தான் கட்டுனோம்"னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்களாமா. ஒரு கொழந்தை வந்தா சரியாப் போகும்னு பாத்தோம், அதுவும் இன்னும் வரல. மாப்பிள்ளை நல்லவருங்க. திட்ட மாட்டாரு, அடிக்க மாட்டாரு. திரும்பிப் பாக்க மாட்டாரு, அவ்வளவுதான். அழுதுக்கிட்டே போன் பண்ணுவா. "முன்னாடி பாரு கண்ணு, எல்லாம் சரியாயிரும்"பேன். வேற என்னத்தைச் சொல்றது?

இப்ப எதுக்குப் போறேன்னு கேட்டீங்கல்ல. நாளன்னைக்கு அவங்க போட்டுப் பயணம் போறாங்க. எதிர்க்கரையில ஆத்தோரம் தோட்டம் வாங்கிட்டாங்க, ரிக் வண்டிக்காரங்க எல்லாம் ஆளுக்கொரு போட்டு வாங்கிட்டாங்க. எங்களை மாதிரி அஞ்சு இல்லீங்க, எட்டு போட்டு. திட்டம் போட்டுக் குடுக்கறதுக்கு சம்பந்தியம்மா என்னையத்தான் கூப்பிட்டாங்க. எனக்கு சந்தோசம், இல்லேங்கல. எட்டு போட்டை ஒட்டுக்கா ஓட்டறதுன்னா என்னை விட்டா யாரு இருக்கா? "சம்பந்திம்மா, இந்தத் தடவை புதுசா ஒரு ரோசனை வச்சிருக்கேன்"ன்னு ஆரம்பிச்சேன்.

"புதுசெல்லாம் வேண்டாம். நீங்க அந்த வருசம் போட்டீங்கல்ல, அதே திட்டம் இருக்கட்டும். ஒண்ணும் மாத்தாதீங்க"ன்னாங்க.

"ஒண்ணுமேங்களா?"ன்னேன்.

"ஒண்ணுமே. பெட்ரோல் முன்னால, சாப்பாடு பின்னால"ன்னாங்க.

முன்னாடி போட்டு நான் குடுத்த போட்டு. அதுல சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, அப்புறம் அவங்க ரிக் பார்ட்னர் குடும்பம். பார்ட்னருக்கு ஒரு பொண்ணு இருக்குதாமா. நல்லாப் படிச்சிருக்குதாமா, நல்லாப் பேசுமாமா. அந்தப் பொண்ணுக்கு வெயில் ஆகாதாமா, அதனால கூடாரத்துக்குக் கீழ. சாப்பாட்டு போட்டு கடைசியில. அதுக்கு ஒரு பழைய வள்ளத்தைப் புடிச்சிருக்காங்க. அதுல அண்டாவோட தாரணி.

நான் "நானும் வர்றேன்"னேன். "நீங்க எதுக்கு? எடம் பத்தாது. திட்டம் போட்டுக் குடுத்தாப் போதும்"னுட்டாங்க.

அதானுங்க, நேத்திருந்து எனக்கு ஒரு மாதிரியா இருக்குது. ஒண்ணும் இருக்காது. சாப்பாட்டு போட்டுக்கு ஒரு பொறுப்பான ஆள் வேணும், வீட்டு மருமகளை விட்டா யாரை உக்கார வைக்கறது? நியாயந்தானே? நியாயந்தான். ராத்திரி பூரா அந்தத் திட்டத்தை எப்படித் திருப்பித் திருப்பிப் பாத்தாலும் நியாயமாத்தான் இருக்குது. எங்கயும் ஒரு தப்பும் இல்லாமத்தான் போட்டிருக்கேன். எனக்கு பயமா இருக்குதுங்க தம்பி.

வெடியால எந்திரிச்சு பொங்கியண்ணன் தோட்டத்துப் பக்கம் போனேன். எதுக்குப் போனேன்னு எனக்கே தெரியல. அந்தப் பச்சை போட்டு கரையில கவுந்து கெடக்குது, பெயிண்டெல்லாம் உரிஞ்சு போச்சு, பேரு மட்டும் தெரியுது. அவன் தறிக்கொட்டாயை விட்டு வெளிய வந்தான். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள, "சாப்பாடு பத்துச்சுங்களா மச்சான்?"னான். திரும்பி வந்துட்டேன்.

நேரா ஈரோட்டுக்கு பஸ் ஏறி இந்தக் கயிறை வாங்கினேன். நல்ல கயிறுங்க, நாலு போட்டைக் கட்டி இழுத்தாலும் அறாதுன்னான் கடைக்காரன். தொட்டுப் பாருங்க. சம்பந்தியம்மா பாக்காம தாரணிகிட்டக் குடுத்துரணும். சேலைக்கு அடியில வச்சுக்க கண்ணு, கெளம்பும்போதே உன் போட்டை முன்னாடி போற போட்டோட இறுக்கிக் கட்டிக்க, என்ன ஆனாலும் அதை விட்டுராதேன்னு சொல்லிக் குடுத்துட்டு வரணும்.

மலை தெரியுதுங்களா? வந்துட்டோம். எறங்கணும். கொஞ்சம் தூக்கி விடுங்க தம்பி, கனமா இருக்குது.

ஏனுங்க, உங்களைக் கேக்கறேன், நீங்க வெளியாளு, உள்ளதைச் சொல்லுவீங்க. அவ்வளவு பேரு பாத்துக்கிட்டு இருக்கறாங்க, பட்டப்பகலு, வீட்டுக்கு வந்த மருமக. கயிறு கட்டியிருந்தா, அதை யாராச்சும் அவுத்து விடுவாங்களா?